கம்போசிஷன் விதிகளைத் தெரிந்தே மீறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாகக் கேமரா வாங்கியவர்களோடு மயிலாப்பூர், காசிமேடு என்று படமெடுக்கப் போவது என் வழக்கம். வந்த புதிதில் எல்லோரும் கம்போசிஷன் விதிகளை, அதாவது படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்ற விதிகளைக் கேட்பார்கள். கொஞ்ச நாள் போனதும் அதே ஆட்கள் விதியை மீறிய படம் ஒன்றைக் காட்டி, "இது சரியா, தப்பா?" என்பார்கள். மறுபடி மறுபடி வந்த அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், போகப் போகச் சிக்கலானவை.

விதி விதிங்கறீங்களே, எது எதைத்தான் விதின்னு சொல்றீங்க?

வகுப்புகளில் பொதுவாகச் சொல்லித் தருவது இவைதான். ஃப்ரேமை, அதாவது படத்தின் சட்டத்தை, நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு கோடுகளால் மும்மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டு, முக்கியமான பொருளை நடுவில் வைக்காமல் அந்த மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் வையுங்கள். அடிவானம் நேராக இருக்கட்டும். ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ அந்தப் பக்கம் இடம் விடுங்கள். தலைக்கு மேலும் கொஞ்சம் விடுங்கள். முழங்கால், மணிக்கட்டு போன்ற மூட்டுகளில் வெட்டாதீர்கள். தலைக்குப் பின்னால் கம்பமோ மரமோ முளைத்து நிற்கக் கூடாது. ஃபோகஸ் கண்ணில் இருக்க வேண்டும், கை ஆடக் கூடாது. உங்கள் நிழல் படத்தில் விழக் கூடாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அடிவானம் நேராக இருந்தால் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள், கவனம் ஆளிடம் நிற்கும். பார்க்கும் பக்கம் இடம் விட்டால் பார்வை போக வழி கிடைக்கும். மூட்டில் வெட்டாமல் இருந்தால் கை கால் துண்டாகிப்போன மாதிரி தெரியாது. விதியை மீறினால் அந்த வேலை நடக்காது. அதற்குப் பதிலாகப் படத்துக்கு என்ன கிடைத்தது? கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

இந்த மூன்றில் ஒரு பங்கு விதியை யார் போட்டது? அதுக்குப் பின்னாடி அறிவியல் ஏதாவது இருக்கா?

1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் கிராமக் காட்சிகளை வரைவது பற்றி ஒரு நூல் எழுதினார். இந்தப் பெயரில் விதியைச் சொன்னது அதில்தான். அவர் பேசியது அளவுகளைப் பற்றி. வானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு என்றால் நிலத்துக்கு ஒரு பங்கு, அல்லது மாற்றி. தண்ணீரும் கரையும் வந்தால் அங்கேயும் அப்படியே. வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இதே கணக்கு. சரிபாதியாகப் பிரிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். முகத்தை நெடுக்குக் கோடும் குறுக்குக் கோடும் சந்திக்கும் நான்கு புள்ளிகளில் ஒன்றில் வை என்ற பேச்சே அதில் கிடையாது. கேமரா பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னால் எழுதப்பட்ட இயற்கைக் காட்சி ஓவிய யோசனை அது.

கண் தானாகவே அந்த நான்கு புள்ளிகளுக்குப் போகும் என்று சிலர் சொல்வார்கள். நீங்களே பரிசோதித்துப் பாருங்கள். எந்தப் படத்திலும் கண் முதலில் போவது முகத்துக்கு, பளிச்சென்ற இடத்துக்கு, எழுத்துக்கு. அவை எங்கே இருக்கின்றனவோ அங்கே கண் போகும். அதனால் இது கெட்ட விதி என்று ஆகிவிடாது. எல்லாவற்றையும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும் பழக்கத்திலிருந்து புதியவர்களை விடுவிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

அப்போ நேரா மீறவே ஆரம்பிச்சுடலாமே, எதுக்கு முதல்ல கத்துக்கணும்?

ஃப்ரேம் சாய்ந்திருப்பதையே கவனிக்காதவரால் ஃப்ரேமைச் சாய்க்க முடியாது. அவர் படம் அவரைக் கேட்காமல் சாய்கிறது. பார்க்கிறவர்களுக்கு அந்த வேறுபாடு ஆச்சரியப்படும் அளவுக்குத் தெரிந்துவிடும்.

நான் சொல்லும் பயிற்சி இதுதான். ஒரே இடத்தில் நின்று இரண்டு படம் எடுங்கள், விதிப்படி ஒன்று, மீறி ஒன்று. வீட்டுக்கு வந்து கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மீறிய படம் விதிப்படி எடுத்ததை ஜெயிக்கவில்லை என்றால் அந்த இடத்தில் மீறலுக்கு வேலை இல்லை. முதல் சில வாரங்கள் பெரும்பாலும் விதிப்படி எடுத்ததே ஜெயிக்கும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எப்போது ஜெயிக்கவில்லை என்பதைக் கவனிக்கத்தான் இந்தப் பயிற்சியே.

ஆளை நடுவுல வெச்சா தப்புன்னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையாவா?

இல்லை. எல்லா மீறல்களிலும் அதிகப் பயன் உள்ளது இதுதான் என்பது என் கருத்து. 1858-இல் லின்னியஸ் ட்ரைப் மதுரையில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக வந்தவர், பெரிய மெழுகுத்தாள் நெகட்டிவ்களோடு மீனாட்சி அம்மன் கோயிலையும் புது மண்டபத்தையும் எடுத்தார். இரு பக்கமும் தூண்கள் வரிசையாகப் போகிற மண்டபத்தில் கேமராவை நடுவில் நிறுத்துவதைவிட நேர்மையான இடம் இருக்க முடியாது. கட்டியவரே நடுக்கோடு போட்டுத்தான் கட்டியிருக்கிறார்.

ஜெர்மனியில் பெர்ண்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் 1959 முதல் தண்ணீர்த் தொட்டிகள், எரிவாயுத் தொட்டிகள், சுரங்கக் கோபுரங்கள் என்று எடுத்துக்கொண்டே போனார்கள். எல்லாம் நட்டநடுவில், மேகமூட்டமான வெளிச்சத்தில், நேருக்கு நேர். தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். ஒன்பது தொட்டிகளை வரிசையாக மாட்டினால், ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம் என்று கண் தேட ஆரம்பித்துவிடுகிறது. டயான் ஆர்பஸ் 1960-களில் சதுர ஃப்ரேமில் ஆட்களை நடுவில், நேராக நிறுத்தினார். பார்ப்பவர் ஒதுங்கிப் போக முடியாமல் அந்த முகத்தை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. சமச்சீர், ஒப்பீடு, நேருக்கு நேர் சந்திப்பு என்று இந்த மூன்றும் நடுவில் வைப்பதால் கிடைப்பவை.

வைப்பதென்றால் சுத்தமாக வையுங்கள். மதுரை திருமலை நாயக்கர் மகாலில் தூண் வரிசைக்கு நடுவே நின்றால், திரையின் இரு ஓரத்திலும் வெட்டுப்படும் முதல் தூண்கள் ஒரே அளவு தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒரு பக்கம் அரைத் தூணும் மறுபக்கம் கால் தூணும் தெரிந்தால் அரை அடி நகருங்கள். கேமரா மேலேயோ கீழேயோ பார்த்தால் தூண்கள் சரிந்து நிற்கும், அதையும் நேராக்குங்கள். ஆட்டோஃபோகஸ் புள்ளி நடுவில் இருந்ததால் ஆளும் நடுவில் போய் உட்கார்ந்த படங்களுக்காகத்தான் இந்த விதி இன்றும் தேவைப்படுகிறது. அவற்றை ஓரங்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். நான்கு ஓரத்திலும் என்ன இருக்கிறது என்று எடுத்தவர் பார்த்திருக்கவே மாட்டார்.

அடிவானத்தைச் சாய்க்கலாம்னா எவ்வளவு சாய்க்கணும்?

இரண்டு டிகிரி சாய்வு பார்ப்பவருக்குப் பிழையாகத்தான் தெரியும். பதினைந்து டிகிரி சாய்ந்தால் வேண்டுமென்றே செய்தது என்று புரியும். இடைப்பட்ட சாய்வுகள்தான் தொல்லை. கடல் தெரியும் படத்தில் இது இன்னும் கறார். மெரினாவில் எடுத்த படத்தில் கடல் ஒரு பக்கமாக வழிந்தால் பார்ப்பவர் தலையைச் சாய்த்துச் சரிசெய்யப் பார்ப்பாரே தவிர, வேறு எதையும் பார்க்க மாட்டார்.

கேரி வினோகிராண்ட் நியூயார்க் தெருக்களில் பெரும்பாலும் அகலமாகப் பிடிக்கும் 28 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தவர். அவர் படங்களில் பல சாய்ந்திருக்கும். கூர்ந்து பார்த்தால் ஏதோ ஒன்று, ஒரு கம்பமோ நிற்கும் ஆளோ, ஃப்ரேமின் ஓரத்தோடு இணையாக நிற்பது தெரியும். தெரு சாய்ந்திருக்கும், ஆனால் அந்த ஒன்று படத்தைத் தாங்கிப் பிடிக்கும். சாய்ப்பதற்கு முன்னால் அப்படி ஒன்றைத் தேடுங்கள். அகலமான ஃப்ரேமில் உள்ளே நிறைய ஆட்களை அடக்கவும் சாய்வு உதவும், மூலைக்கு மூலை உள்ள தூரம்தான் ஃப்ரேமிலேயே நீளமானது.

ரஷ்யாவில் அலெக்சாண்டர் ரோட்சென்கோவுக்குக் காரணம் வேறு. வயிற்று உயரத்திலிருந்து எடுத்த படங்களே உலகத்தில் நிறைந்துவிட்டன, அதனால் பழகிய பொருளை நாம் பார்ப்பதே இல்லை என்பது அவர் வாதம். மாடியிலிருந்து செங்குத்தாகக் கீழே, தரையிலிருந்து செங்குத்தாக மேலே என்று எடுத்தார். 1930-இல் ஊதுகொம்பு ஊதும் சிறுவனை அவன் தாடைக்கு அடியிலிருந்து எடுத்த படம் ஒன்று உண்டு. முகத்தின் வழக்கமான அடையாளங்கள் போய், கன்னத்தின் உப்பலும் கழுத்தும்தான் மிச்சம். ஊதுவதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்பது தெரிகிறது. இந்தக் கோணங்களுக்காக அவர் நாட்டிலேயே அவரை வடிவ மோகம் பிடித்தவர் என்று கண்டித்தார்கள்.

முகமே தெரியலைன்னா அது எப்படி சார் போர்ட்ரெய்ட் ஆகும்?

ராபர்ட் ஃபிராங்க் 1955-இல் நியூஜெர்சியின் ஹோபோகன் நகரில் ஊர்வலம் பார்க்கும் இரண்டு பெண்களை எடுத்தார். ஒரு சன்னலில் ஒருவர், அடுத்த சன்னலில் ஒருவர். நடுவே தொங்கும் அமெரிக்கக் கொடி ஒருவர் முகத்தை முழுக்க மறைத்துவிட்டது. விதிப்படி அது வீணான படம். கொடி கொஞ்சம் விலகும்வரை காத்திருந்திருக்கலாம். ஆனால் கொடி முகத்தை மறைப்பதுதான் அந்தப் படத்தின் சேதியே. அதைத்தான் தன் 'தி அமெரிக்கன்ஸ்' நூலின் முதல் படமாக வைத்தார்.

ஆர்னால்ட் நியூமன் 1946-இல் இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்த படத்தில் முகம் தெரிகிறது, ஆனால் இடது கீழ் மூலையில் சின்னதாக. ஃப்ரேமை நிறைத்து நிற்பது திறந்த பியானோவின் கறுப்பு மூடி. படத்தைக் கேட்ட பத்திரிகை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்று ஸ்ட்ராவின்ஸ்கி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அந்தப் படம்தான்.

நீங்கள் இதை முயன்றால் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: முகத்தின் இடத்தில் எதை வைத்திருக்கிறேன்? பூ கட்டும் பாட்டியின் முகத்தை விட்டுவிட்டு விரல்களை மட்டும் எடுத்தால், நாரை இழுக்கும் விரல், காய்ப்பு, மடியில் குவிந்த மல்லிகை எல்லாம் சேர்ந்து அவரைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் முகத்தை எடுங்கள்.

கல்யாண வீட்டுல காலை வெட்டி, கையை வெட்டி எடுத்தா பெரியவங்க திட்டுவாங்களே?

திட்டுவது நியாயம்தான். குடும்பக் குரூப் போட்டோ என்பது யார் யார் வந்தார்கள் என்பதற்கான சாட்சி. முப்பது வருடம் கழித்து ஒரு பேத்தி அதில் தன் கொள்ளுத் தாத்தாவைத் தேடுவாள். அங்கே மீறல் கூடாது. உச்சந்தலை முதல் செருப்பு வரை தெரிய வேண்டும், எல்லோர் கண்ணும் திறந்திருக்க வேண்டும்.

கெட்டிமேளம் கொட்டும் நேரம் வேறு. மாப்பிள்ளையின் தலை ஃப்ரேமுக்கு மேலே போய்விட்டாலும் பரவாயில்லை. முடிச்சுப் போடும் விரல்கள், பின்னாலிருந்து கூந்தலை ஒதுக்கிப் பிடிக்கும் நாத்தனாரின் கை, குனிந்த கழுத்து, மேலே விழும் அட்சதை என்று நெருங்கிப் போய் எடுங்கள். வெட்டினால் துணிந்து வெட்டுங்கள். மணிக்கட்டில் வெட்டினால் கை தவறிப்போன மாதிரி இருக்கும், முன்கையின் நடுவில் வெட்டினால் கண் அதை ஏற்றுக்கொள்ளும். விதிப்படியான படம் ஒன்றை இன்னொரு கேமராக்காரர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது உறுதியானால் மட்டும் இதைச் செய்யுங்கள். அந்த முடிச்சை மறுபடி போடச் சொல்லி எடுக்க முடியாது.

ஷேக் ஆன படத்தை ஆர்ட்னு சொல்லி ஏமாத்துறாங்களா?

சிலர் ஏமாற்றவும் செய்யலாம். ஆனால் தெளிவின்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில் கேமராவைக் கையில் எடுத்து, 1860-களில் மங்கலான ஃபோகஸில் முகங்களை எடுத்தார். லண்டன் புகைப்படச் சங்கத்தார் அதை வேலை தெரியாத்தனம் என்றார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கல்கத்தாவில் பிறந்தவர், கணவரின் காப்பித் தோட்டம் இருந்த இலங்கை மலையகத்தில் 1879-இல் இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கிய 1944 ஜூன் 6 அன்று ராபர்ட் காபா அங்கே எடுத்த படங்களும் கலங்கித்தான் இருக்கின்றன. அவற்றைக் கூர்மையாக்கினால் அலையில் தவழ்ந்து வரும் சிப்பாயின் பயம் குறைந்துதான் போகும்.

கை ஆட்டமும் பொருளின் ஓட்டமும் வேறு வேறு என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கை ஆடினால் படம் முழுக்க ஒரே மாதிரி கலங்கும். பொருள் ஓடினால் அது மட்டும் இழுபட்டு, மற்றவை நிற்கும். ஓடும் பொருளோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுக்கும் பேனிங்கில் இதற்கு நேர்மாறு: பொருள் நிற்கும், பின்னணி இழுபடும். ரேக்ளா பந்தயத்தில் முயன்று பாருங்கள். ஷட்டர், அதாவது வெளிச்சத்துக்குக் கேமரா திறந்திருக்கும் நேரம், 1/30 நொடி. காலை ஊன்றி, இடுப்பிலிருந்து திரும்பி, மாட்டின் தலையைத் தொடர்ந்து வாருங்கள். கிளிக் செய்த பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள், பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். மாட்டின் கண்ணும் கொம்பும் நின்று, கால்களும் சக்கரமும் புழுதியும் கோடாக ஓடினால் வேகம் படத்தில் வந்துவிட்டது.

உச்சி வெயிலில் இது நடக்காது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 16 என்று சின்னதாக வைத்தாலே சரியான ஷட்டர் 1/100 பக்கம் வரும். 1/30-க்கு இறக்கினால் படம் வெளுத்துவிடும். லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் போடுங்கள், அல்லது காலை மாலை வெளிச்சத்தில் எடுங்கள். செல்போனில் ஆட்டோவை நம்பாமல் ப்ரோ மோடுக்குப் போய் ஷட்டரை நீங்களே வையுங்கள். ஆட்டோ பெரும்பாலும் அசைவை உறைய வைக்கத்தான் பார்க்கும்.

என் நிழலே படத்துல விழுந்துடுச்சு. தூக்கிப் போட்டுடவா?

லீ ஃப்ரீட்லேண்டர் தூக்கிப் போட்டிருக்க மாட்டார். 1966-இல் நியூயார்க்கில் முன்னால் நடக்கும் பெண்ணின் ரோமக் கோட்டின் மேல் தன் தலையின் நிழல் விழுவதை எடுத்தார். பின்தொடர்ந்து வரும் ஒருவன் என்ற சங்கடம் அந்த நிழலால்தான் வருகிறது. நடுவில் கம்பம் நிற்பது, கண்ணாடியில் தான் தெரிவது என்று மற்றவர்கள் தவிர்க்கும் எல்லாவற்றையும் அவர் வரவேற்றார்.

உங்கள் படத்தில் நிழல் எதன் மேல் விழுகிறது என்று பாருங்கள். வெறும் தரையின் ஓரத்தில் என்றால் வெட்டிவிடலாம்.

வெளிச்சத்துக்கு எதிரா எடுக்கவே கூடாதுன்னு அப்பா சொல்வார்.

அப்பா சொன்னது ஃபிலிம் காலத்து, பெட்டிக் கேமரா காலத்து அறிவுரை. அந்தக் கேமராக்களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க அதிக வழி இல்லை, அதனால் சூரியன் முதுகுப் பக்கம் இருப்பதுதான் பத்திரம். இது கம்போசிஷன் விதியும் அல்ல. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைக் கூட்டினால் முகம் தெளியும், குறைத்தால் ஆள் நிழலுருவம் ஆவார். எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு எடுங்கள்.

பார்க்குற பக்கம் இடம் விடாம எடுத்தா என்ன ஆகும்?

பார்ப்பவருக்கு மூச்சு முட்டும். அந்த முட்டலைத்தான் சில படங்கள் கேட்கின்றன. கடைசிப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருவர் வலப்பக்கம் பார்க்கிறார் என்று வையுங்கள். விதிப்படி வலப்பக்கம் இடம் விட்டால் பஸ் வரப்போகிற பாதை தெரியும், நம்பிக்கை இருக்கும். அவரை வலது ஓரத்தில் ஒட்டி வைத்து இடப்பக்கம் முழுக்கக் காலி பெஞ்சுகளை விட்டால், போய்விட்டவர்களும் போன நேரமும் தெரியும். ஆள் அதே ஆள்தான், கதை வேறாகிவிட்டது.

அந்தக் காலியிடத்தில் ஏதாவது சொல்ல இருக்க வேண்டும். பின்னால் வெறும் சுவர் என்றால் ஃப்ரேம் தவறிவிட்டது என்றுதான் தோன்றும். முகத்தின் இடத்தில் என்ன வைத்தீர்கள் என்று போர்ட்ரெய்ட் கேள்வியில் கேட்ட அதே கணக்குதான் இங்கேயும்.

ஒரே படத்துல எத்தனை விதியை மீறலாம்?

ஆரம்பத்தில் ஒன்றே ஒன்று. சாய்த்தால் ஃபோகஸ் கூர்மையாக இருக்கட்டும். கலங்க விட்டால் ஆள் எங்கே என்பது தெளிவாக இருக்கட்டும். மற்ற விதிகள் உறுதியாக நின்றால்தான் அந்த ஒரு மீறல் கண்ணில் படும்.

டைடோ மொரியாமா 1971-இல் ஜப்பானின் மிசாவாவில் எடுத்த தெருநாய்ப் படத்தைப் பாருங்கள். சொரசொரப்பான கிரெய்ன் (ஃபிலிமில் தெரியும் புள்ளிகள்), கரியும் வெள்ளையுமாக முரட்டு கான்ட்ராஸ்ட். ஆனால் நாய் ஃப்ரேமை நிறைத்து நிற்கிறது, திரும்பி நம்மை முறைக்கும் பார்வையில் குழப்பமே இல்லை. எல்லாவற்றையும் உடைத்த மாதிரி தெரியும் பெரிய படங்களில் இப்படி உடையாத ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி.

எடுத்தப்புறம் கிராப் பண்ணி மீறினா அது ஏமாத்து வேலையா?

இல்லை. கிராப் செய்வதை விரும்பாதவர் என்று பெயரெடுத்த ஹென்றி கார்ட்டியே பிரெசோனின் மிகப் பிரபலமான படமே கிராப் செய்யப்பட்டதுதான். 1932-இல் பாரிஸில் செயின்ட் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதரைப் பலகை வேலி இடுக்கு வழியாக எடுத்தார். பலகை ஃப்ரேமின் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டது, அதை வெட்ட வேண்டியிருந்தது. (1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்து படமெடுத்தவரும் இவர்தான். அந்தப் படங்களை நம்மவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.)

ஆனால் இரண்டு விஷயம். 24 மெகாபிக்சல் படத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல்தான், பெரிதாகப் பிரிண்ட் போட முடியாது. அப்புறம், மென்பொருளில் சாய்த்தால் மூலைகளை வெட்டித்தான் ஆக வேண்டும். வினோகிராண்டின் படத்தில் ஓரத்தோடு இணையாக நின்றதாகச் சொன்னேனே, அப்படி ஒன்று இந்தப் படத்தில் தற்செயலாக அமையாது. நின்ற இடத்திலேயே சாய்த்தவருக்குத்தான் காலை நகர்த்தி அதை அமைக்க முடியும்.

போட்டிக்கு அனுப்பினா நடுவர்கள் முதல் ரவுண்டிலேயே தள்ளிடுவாங்களே?

சலோன் எனப்படும், புகைப்படச் சங்கங்கள் நடத்தும் போட்டிகளில் அந்த ஆபத்து உண்டு. நூற்றுக்கணக்கான படங்கள் திரையில் ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் சில நொடிகள்தான் கிடைக்கும், அந்த நேரத்தில் விதிப்படியான படம் சட்டென்று புரிந்துவிடும். மீறல் படத்தைத் தனியாக அனுப்பாமல், தொடராக அனுப்ப இடமிருக்கும் பிரிவில் அனுப்புங்கள். பெக்கர் தம்பதியின் தொட்டிகளைப் போல, சேர்த்துப் பார்க்கும்போதுதான் பல மீறல்களுக்குக் காரணம் புரியும்.

ஃபிராங்கின் நூல் 1958-இல் பிரான்ஸிலும் அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் வந்தபோது, ஒரு புகைப்பட இதழின் விமர்சகர்கள் கலங்கல், கிரெய்ன், சாய்ந்த அடிவானம், கவனக்குறைவு என்று வரிசையாகக் குற்றம் சுமத்தினார்கள். அதே நூலைத்தான் இன்று வகுப்புகளில் வைத்துப் பாடம் நடத்துகிறோம். செய்திப் புகைப்படப் போட்டிகளில் மட்டும் ஒரு எல்லையை மறக்காதீர்கள். ஃப்ரேமை எப்படி வேண்டுமானாலும் அமைக்கலாம், கிராப் செய்யலாம். படத்துக்குள் இருந்த ஒன்றை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் தகுதி நீக்கத்தில் முடியும். தலைக்குப் பின்னால் முளைத்த கம்பத்தை அழிப்பதும் இதில் அடங்கும்.

தெரியாம மீறினது சூப்பரா வந்துட்டா, அது என் திறமையா, அதிர்ஷ்டமா?

கிளிக் செய்தது அதிர்ஷ்டமாக இருக்கலாம். அதைத் தேர்ந்தெடுத்தது நீங்கள். ஃபிராங்க் அந்த நூலுக்காக அமெரிக்கா முழுக்க அலைந்து எடுத்தவை 27,000 படங்களுக்கும் மேல், நூலில் வைத்தவை 83. எத்தனை சாய்வுகளும் கலங்கல்களும் அந்த நெகட்டிவ்களிலேயே தங்கிவிட்டன என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் கலங்கலுக்கு அர்த்தம் இருக்கிறது என்று பார்த்து எடுத்துவைப்பதும் புகைப்படக்காரரின் வேலைதான். வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது டெவலப்கூடச் செய்யாத ஃபிலிம் சுருள்கள் சுமார் 2,500 மிஞ்சின. பின்னால் மற்றவர்கள் கழுவித் தேர்ந்தெடுத்த அந்தப் படங்களை எந்த அளவுக்கு அவருடையவை என்று சொல்லலாம் என்பது இன்றும் பேசப்படும் விஷயம். தேர்வுக்கு அவ்வளவு எடை உண்டு.

அதனால் அந்தப் படத்தை அழிக்காதீர்கள். ஏன் நன்றாக வந்தது என்று ஒரு வரியில் எழுதப் பாருங்கள். எழுத முடிந்தால், வேறொரு நாள் வேறொரு இடத்தில் அதையே தெரிந்து செய்யுங்கள். இரண்டாவது முறையும் வந்தால் அது உங்கள் கையில் இருக்கிறது.

எல்லாரும் மீற ஆரம்பிச்சா அதுவும் ஒரு விதி ஆயிடுமே?

ஆகிவிடும், ஆகியும் இருக்கிறது. ஜப்பானில் 1968-69-இல் 'ப்ரொவோக்' என்ற சிற்றிதழ் மூன்றே இதழ்கள் வந்தது. தகுமா நகாஹிரா அதைத் தொடங்கியவர்களில் ஒருவர், மொரியாமா இரண்டாம் இதழில் சேர்ந்தார். சொரசொரப்பு, ஆட்டம், கலங்கல் என்பதுதான் அவர்கள் பாணி. நகரத்தைப் பளபளப்பாகக் காட்டும் படங்களுக்கு எதிரான கோபம் அது. ஆனால் 1970-இல் ஜப்பான் ரயில்வே தொடங்கிய சுற்றுலா விளம்பரப் படங்களில் அதே கலங்கல் வந்து நின்றது, டிக்கெட் விற்க. நகாஹிராவுக்கு அது பொறுக்கவில்லை. 1973-இல் தன் பழைய பாணியைத் தானே மறுத்து எழுதினார், தன் நெகட்டிவ்களில் பெரும்பகுதியை எரித்தும்விட்டார். பின்னாளில் அவர் எடுத்தவை தெளிவான, நேரான, வண்ணப் படங்கள்.

நம் ஊர் ப்ரீவெட்டிங் படங்களில் இப்போது அதுதான் நடக்கிறது. பெரிய வானம், கீழ் மூலையில் எறும்பு அளவு ஜோடி, எதிர்வெயிலில் லென்ஸ் ஃப்ளேர் (லென்ஸுக்குள் சிதறும் வெளிச்சப் பொட்டுகள்). ஒரு காலத்தில் அது மீறல், இன்று அதைக் கேட்டுத்தான் முன்பணமே தருகிறார்கள். அடுத்த ஜோடி வரும்போது அவர்கள் வீட்டு வாசலில், கோலத்துக்குப் பின்னால், நட்டநடுவில் நேராக நிறுத்தி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். மூலையில் வைத்ததையும் எடுங்கள். இரண்டையும் அவர்களிடமே காட்டி, எதில் தங்கள் முகம் இருக்கிறது என்று கேளுங்கள்.